பத்தாயிரம் அடியில் இரண்டு மணி

“சித்தப்பா, நேத்து மணி அடிச்சுது. இன்னிக்கு அடிக்கல. ஏன்?”

அண்ணன் மகன் இப்படிக் கேட்டபோது குட்வில் எஸ்டேட்டில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தென் அந்தமானில் இருக்கும் ஊர் அது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் வந்து, சாலை வழியாக வீடு சேர்ந்திருந்தேன். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். வீட்டில் எல்லோர் வாயிலும் இன்னும் பழைய பெயர்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவனும் அதே வழித்தடத்தில்தான் பறந்துகொண்டிருந்தான், உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால், கையில் ஜாய்ஸ்டிக்கோடு.

அவன் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320. விமானம் மேலேறிப் பத்தாயிரம் அடியைக் கடந்ததும் ‘டிங், டிங்’ என்று இரண்டு மணி ஒலிக்கும். பின்னாலேயே ஒரு பெண் குரல், பயணிகளுக்கு இனி காபியும் தின்பண்டமும் வரும் என்று அறிவிக்கும். இறங்கும்போது அதே உயரத்தில் மறுபடியும் மணி. கேபின் ஊழியர்கள் தரையிறங்கத் தயாராக வேண்டும் என்ற அறிவிப்பு. திரைக்குப் பின்னால் பயணியும் இல்லை, பணிப்பெண்ணும் இல்லை. இருந்தாலும் அந்த மணி அடிக்காத பயணம் அவனுக்கு உப்பில்லாத சாப்பாடு.

அன்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். தானாக அடிக்கும் அந்த மணிக்கு ஒரு பிறப்பு உண்டு. அதைத் தேடிப் போனால் அரை நூற்றாண்டுக்கு முன், பனிமூட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்தின் காக்பிட்டில் போய் நிற்போம்.

தேவையில்லாத பேச்சு

1974 செப்டம்பர் 11, காலை நேரம். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 212ஆம் எண் விமானம், 82 பேருடன் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலிருந்து சார்லட் நகருக்கு வந்துகொண்டிருந்தது. டிசி-9 ரக விமானம். ஓடுபாதையை நெருங்கும் வழியில் திட்டுத் திட்டாகப் பனிமூட்டம். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு விமானி ஓட்ட, மற்றவர் கருவிகளைப் பார்த்து, குறித்த உயரங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். அன்று அந்தக் காக்பிட்டில் ஓடிய பேச்சே வேறு. அரசியலிலிருந்து பழைய கார்கள் வரை அது நீண்டது. தரை நெருங்குகிறது என்று ஓர் எச்சரிக்கை ஒலி எழுந்தது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடுபாதைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் இருக்கும்போதே விமானம் தரையில் மோதியது. 70 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. முக்கியமான கட்டங்களில் விமானிகளுக்கு உயரத்தின் மேல் கவனம் இல்லை, காக்பிட்டில் ஒழுங்கு குலைந்திருந்தது என்று முடிவுக்கு வந்தது. கறுப்புப் பெட்டியில் பதிவான சாதாரண அரட்டைதான் சாட்சி. நம் வீட்டு வாசலில் நாம் தினமும் பேசுகிற பேச்சு அது. பேசிய இடமும் நேரமும்தான் அதைக் கொலைகாரப் பேச்சாக்கிவிட்டன.

1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. கிருமி நீக்கிய அறுவை சிகிச்சை அறைக்குச் சொல்லும் சொல்லையே எடுத்து, ‘ஸ்டெரைல் காக்பிட்’ என்று உலகம் அதை அழைத்தது. தரையில் உருளும்போது, மேலேறும்போது, இறங்கும்போது, சீராகப் பறக்கும் கட்டம் நீங்கலாகப் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும் நேரம் முழுவதும், விமானத்தைப் பத்திரமாக ஓட்டுவதற்குத் தேவையில்லாத எந்தச் செயலும் காக்பிட்டில் கூடாது. அந்த விதியைப் படித்துப் பார்த்தால் ஒரு பொறுப்பான மூத்தவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வதுபோல் இருக்கும். சாப்பிடாதே. சம்பந்தமில்லாத புத்தகம் படிக்காதே. வெட்டிப் பேச்சு வேண்டாம். உணவுப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பது, அடுத்த விமானம் பிடிக்கிற பயணிகளைப் பற்றி விசாரிப்பது, ஜன்னல் வழியே தெரியும் காட்சியைப் பயணிகளுக்கு வருணிப்பது எல்லாம் அப்புறம்.

தரைக்கு அருகேதான் வானம் நெரிசலானது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அங்கேதான் ஒருவர் பாதையை ஒருவர் கடக்கிறார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் வேகம் கூடாது என்ற வரம்பும் இதற்காகத்தான். விமானிக்கு அந்த உயரம் ஏற்கெனவே பழகிய எல்லைக்கோடு. மௌனத்துக்கும் அதுவே எல்லையானது.

கதவுக்கு இந்தப் பக்கம்

விதி வந்ததும் ஒரு கேள்வியும் வந்தது. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று விமானிக்குத் தெரியும். பின்னால் ட்ராலியோடு நிற்கும் பணிப்பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கேபினில் உயரமானி கிடையாது. ஜன்னலில் தெரிவது மேகம், இல்லையென்றால் இருட்டு.

1930 மே 15 அன்று எல்லென் சர்ச் என்ற செவிலி, போயிங் 80ஏ விமானமொன்றில் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏறினார். அவரோடு சேர்த்து முதலில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் 8 செவிலியர். அன்றைய விமானங்கள் சிறியவை. ஒரு தட்டு தட்டி எட்டிப் பார்த்தால் விமானியிடம் கேட்டுவிடலாம். பிறகு விமானங்கள் நீண்டன, கதவுகள் கனத்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் காக்பிட் கதவு குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டிய கதவாகிவிட்டது. மௌனம் முடிந்த சேதியை அந்தக் கதவைத் தாண்டிக் கொண்டுபோக ஒன்று வேண்டியிருந்தது. ஏற்கெனவே விமானத்தில் இருந்த மணியை அந்த வேலைக்குப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன.

விமான மணிக்கு ஒரு சின்ன மொழியே உண்டு. ஏ320இல் சீட் பெல்ட் விளக்கு மாறும்போது தாழ்ந்த சுருதியில் ஒரு மணி. பயணி தலைக்கு மேலிருக்கும் பொத்தானை அழுத்தினால் உயர்ந்த சுருதியில் ஒரு மணி. ஊழியரை ஊழியர் இன்டர்போனில் கூப்பிட்டால் உயர்ந்ததும் தாழ்ந்ததுமாக அடுத்தடுத்து இரண்டு. பயணிகள் காதில் எல்லாமே ‘டிங்’தான். பணிப்பெண் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் எது எது என்று பிரித்துவிடுவார்.

பத்தாயிரம் அடி மணியைப் பல விமானங்களில் எப்படி அடிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘புகைபிடிக்காதீர்’ விளக்குக்கென்று காக்பிட்டில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஒருகாலத்தில் விமானத்தில் சிகரெட் புகைத்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் விமானி அந்த விளக்கைப் போடுவார். பிறகு சிகரெட்டே ஒழிந்தது, விளக்கு எப்போதும் எரியத் தொடங்கியது, சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் அதைத் தட்டினால் கேபினில் மணி ஒலிக்கும் என்பது மாறவில்லை. விமானிகள் அதை ஒருமுறை அணைத்துப் போட்டுக் கேபினுக்குச் சேதி சொல்லத் தொடங்கினார்கள். சில நிறுவனங்களில் சீட் பெல்ட் சுவிட்ச், சிலவற்றில் பணியாளரை அழைக்கும் பொத்தான். எந்தக் கருவியானாலும் அதைத் தொடுவது ஒரு மனிதரின் விரல். உயரமானியைப் பார்த்து, சுற்றிலும் வானத்தைப் பார்த்து, இப்போது சொல்லலாம் என்று ஒருவர் முடிவெடுத்த பிறகே அந்த மணி அடிக்கிறது.

அந்த முடிவின் எடை என்ன என்பதற்கு 1988 ஏப்ரல் 28 சாட்சி. ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் போன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, 24,000 அடியில் முன்பகுதிக் கூரையைக் காற்றுக்குப் பறிகொடுத்தது. 95 பேர் இருந்தார்கள். சீட் பெல்ட் விளக்கு இன்னும் அணையாததால் பயணிகள் இருக்கையோடு கட்டுண்டிருந்தார்கள். திறந்த வானத்துக்குக் கீழே அத்தனை பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள். நின்றபடி சேவை செய்துகொண்டிருந்த பணிப்பெண் க்ளாரபெல் லான்சிங் ஒருவரைத்தான் காற்று கொண்டுபோயிற்று. விளக்கு அணைந்ததும் சட்டென்று எழுந்து பையைத் துழாவும் நமக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்கன் பட்டறையிலிருந்து

இனி, தரையை விட்டு எழாத விமானத்தின் கதை. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க்கின் தந்தைக்கு ஆர்கனும் தானியங்கிப் பியானோவும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. காற்றுத் துருத்தியால் இசையெழுப்பும் வித்தையைக் கற்றிருந்த மகன், அதே துருத்திகளை வைத்து ஒரு குட்டி விமானத்தைச் சாய்க்கவும் திருப்பவும் முடியும் என்று கண்டார். 1929இல் லிங்க் ட்ரெய்னர் பிறந்தது. 1934இல் தபால் விமானங்களை ஓட்டப்போன ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோது, அமெரிக்க ராணுவம் 6 லிங்க் ட்ரெய்னர்களை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 10,000க்கும் மேல் செய்தார்கள். இன்றைய சிமுலேட்டர்களுக்கெல்லாம் அதுவே பாட்டன்.

அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் புரூஸ் ஆர்ட்விக். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக அவர் எழுதிய சிமுலேட்டரில் சில கோடுகளே மலை, சில கோடுகளே ஓடுபாதை. அவர் கைவண்ணத்தில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982இல் வந்தது. அதிலிருந்து பல ஆண்டுகள் வீட்டு விமானிக்கு வானமும் கருவிகளும் மட்டுமே துணை. முதுகுக்குப் பின்னால் கேபின் என்ற ஒன்று இல்லவே இல்லை.

2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், ‘சிம்கனெக்ட்’ என்ற வாசலைத் திறந்தது. வெளியார் எழுதும் நிரல், ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் நிலையைக் கணத்துக்குக் கணம் கேட்டறியலாம்: எத்தனை அடி உயரம், என்ன வேகம், சக்கரம் இறங்கியிருக்கிறதா, எந்த விளக்கு எரிகிறது. அப்படிக் கேட்கக்கூடிய பட்டியலில் ‘கேபின் சீட்பெல்ட்ஸ் அலர்ட் ஸ்விட்ச்’ என்ற பெயரும் இருந்தது. சுவிட்ச் போட்டிருக்கிறதா, இல்லையா என்ற ஒரே ஒரு பதில். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு, இல்லாத கேபினைக் கட்டினார்கள் நிரல் எழுதும் பறப்புப் பிரியர்கள்.

அந்தமானுக்கு இந்த விளையாட்டு முழுசாக வந்து சேர்ந்ததற்கும் ஒரு தேதி உண்டு. சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பி நொண்டிக்கொண்டிருந்தது. உலகத்தின் நிலப்பரப்பையே இணையம் வழியாக இறக்கிக் காட்டும் புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வெளியானது அதே மாதம் 18ஆம் தேதி. கேபிள் வராமல் இருந்திருந்தால் குட்வில் எஸ்டேட்டின் உள்ளறையில் சென்னைக் கடற்கரை இவ்வளவு தெளிவாக விரிந்திருக்காது.

கணக்குப் பிள்ளை

மனிதரின் விரல் இல்லாத இடத்தில் மணியை எது அடிக்கிறது? இங்கேதான் அவன் கேள்விக்குப் பதில் இருந்தது.

மணியை அடிக்கும் நிரலை ஒரு கணக்குப் பிள்ளையாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கையில் ஒரு பேரேடு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டம். கதவு மூடி, இயந்திரம் ஓடி, விமானம் மெல்ல உருளத் தொடங்கினால் பாதுகாப்பு விளக்கம். ஓடுபாதையில் ஏறி விளக்குகளைப் போட்டால், கேபின் ஊழியர்கள் உட்காரவேண்டும் என்ற அறிவிப்பு. சக்கரம் தரையை விட்டு எழுந்து, உயரம் கூடிக்கொண்டே போய்ப் பத்தாயிரத்தைத் தாண்டினால் மணி. சீட் பெல்ட் சுவிட்சை அணைத்தால் அதற்கொரு மணி. உச்ச உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கினால் ஓர் அறிவிப்பு, பத்தாயிரத்துக்குக் கீழே வந்தால் மறுபடியும் மணி, சக்கரத்தை இறக்கினால் கடைசி அறிவிப்பு. நிரலுக்கு நிரல் நுணுக்கம் மாறும். ஆனால் பக்கத்தை வரிசையாகப் புரட்டுவது பொதுவான வழக்கம்.

வரிசை எதற்கு? உயரத்தை மட்டும் பார்த்தால், பத்தாயிரத்தை ஒட்டிக் காற்றில் ஏறி இறங்கும் விமானத்தில் மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அடித்தாயிற்று, இனி இறங்கும்போதுதான் என்று குறித்துவைத்தாக வேண்டும். மேலே போகிறதா கீழே வருகிறதா என்றும் தெரிந்தாக வேண்டும். அதனால் கணக்குப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறோம் என்பதோடு, எந்த வழியாக வந்தோம் என்பதையும் பார்க்கிறார்.

“இன்னிக்கு எங்கேர்ந்து ஆரம்பிச்சே?” என்று கேட்டேன்.

“ஹோம்வொர்க் நிறைய இருந்துச்சு சித்தப்பா. நேத்து சேவ் பண்ணி வெச்ச இடத்துலேர்ந்து. ஆறாயிரம் அடில.”

விடை அதுதான். விமானம் தரையை விட்டு எழுந்ததை அன்றைக்குக் கணக்குப் பிள்ளை பார்க்கவே இல்லை. அவர் பேரேட்டில் விமானம் இன்னும் சென்னையில், கதவு மூடுவதற்காகக் காத்திருந்தது.

உண்மையான விமானத்திலும் சில வேலைகள் தானாக நடக்கும். போயிங் 737இல் சீட் பெல்ட் சுவிட்சை ‘ஆட்டோ’வில் வைத்தால், சிறகின் ஃப்ளாப்போ சக்கரமோ இறங்கியதும் விளக்கு தானே எரியும், இரண்டும் உள்ளே போனதும் அணையும். ஆனால் தானியங்கிகளுக்கு நிலை தெரியும், காரணம் தெரியாது. லே நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 10,682 அடியில் இருக்கிறது. ‘பத்தாயிரம் தாண்டினால் அடி’ என்று மட்டும் எழுதிய நிரல், சக்கரம் எழுந்த நொடியே, மலைகள் இருபுறமும் நெருக்கும் மிக ஆபத்தான கட்டத்தில், ‘இனி பேசலாம்’ என்று மணி அடித்துவிடும். எங்கள் தீவுகளுக்கிடையே பறக்கும் பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் அந்த உயரத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. பத்தாயிரம் என்ற எண்ணைக் கணக்குப் பிள்ளை காப்பாற்றுவார். அந்த எண் எதைக் காப்பாற்றப் பிறந்தது என்பதை ஓட்டுகிறவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பேசியே ஆகவேண்டிய நேரம்

கதையை இங்கே முடித்தால் பாதிதான் சொன்னதாகும். 1989 மார்ச் 10, கனடாவின் ட்ரைடன் நகரம். பனி பொழிந்துகொண்டிருக்கும்போது ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானம் 69 பேருடன் கிளம்பத் தயாரானது. சிறகுகளின் மேல் பனி படிந்திருந்ததைப் பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக உட்கார்ந்திருந்த இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். யாரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. விமானிகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நினைப்பு, அவர்கள் வேலையில் நாம் தலையிடலாமா என்ற தயக்கம். எழும்பிய சில நொடிகளில் விமானம் மரங்களுக்குள் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். நீதிபதி வர்ஜில் மோஷான்ஸ்கி தலைமையில் நடந்த நீண்ட விசாரணை, காக்பிட்டுக்கும் கேபினுக்கும் நடுவே இருந்த அந்தத் தயக்கத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

சார்லட்டில் பேசியதால் இறந்தார்கள். ட்ரைடனில் பேசாததால் இறந்தார்கள். அதனால்தான் மௌன விதியை இன்று கற்பிக்கும்போது அதன் மறுபாதியையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள்: பாதுகாப்பு சம்பந்தப்பட்டது எதுவானாலும், எந்த உயரமானாலும், மணிக்காகக் காத்திருக்காமல் உடனே சொல். அந்த இரண்டு மணிக்குள் இந்த இரண்டு ஊர்களும் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன். ஒவ்வொரு பயணத்திலும் அது ஒலிக்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் சில நிமிடம் வாய் மூடி நமக்காக உழைத்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

பையன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய், சேவ் செய்த கோப்பை விட்டுவிட்டு, சென்னையில் கதவு மூடுவதிலிருந்து ஆரம்பித்தான். விமானம் கடலைத் தாண்டி மேலேறிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து என் அம்மா கூப்பிட்டாள்.

“சாதம் ஆறுதுடா, வா!”

பதில் இல்லை. கண் திரையில் இருந்தது. ஏழாயிரம். எட்டாயிரம்.

“பாட்டி ஏதோ தீயற வாசனைன்னு சொன்னா என்ன பண்ணுவே?” என்று மெல்லக் கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “அப்போ உடனே எழுந்துடணும். சாதத்துக்கு மட்டும்தான் மணி.”

அம்மா கதவருகே வந்து நின்றாள். திண்ணையில் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்: “பத்தாயிரம் ஆச்சா?”

இல்லை என்று தலையசைத்தேன். மூன்று பேரும் காத்திருந்தோம். உள்ளறையில் இரண்டு மணி ஒலித்தது.

“வரேன் பாட்டி” என்றான்.